பார்வைக்கு நல்ல பட்டை

மாவனல்லை
1979 மே 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பொதி போன புதன்கிழமை கிடைத்தது. மகள் உதேனிக்கு மறுபடியும் மூச்சிழுப்பு என்று நான் எழுதியதும் கைவேலையைப் போட்டுவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி சொல்லவேண்டிய இடத்தில் குறை சொல்லத் தொடங்குகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பொதியை மாமியின் முன்னால் பிரித்தது என் பிழை. பத்திரிகைத் தாளுக்குள் துண்டும் துகளுமாக உடைந்த கறுவாப் பட்டை. மாமி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, அடுப்பு மூட்டுறதுக்கோ உன்ர அண்ணன் அனுப்பியிருக்கிறார்? உங்கட தோட்டத்தில முழுசா ஒண்டும் விளையாதோ?"

அண்ணா, உங்களுக்குத் தெரியும், கலியாணத்துக்கு முன்பு இந்த வீட்டில் நான் என்ன சொல்லிவைத்தேன் என்று. கரந்தெனியவில் எங்களுக்குக் கறுவாத் தோட்டம் இருக்கிறது என்றேன். தோட்டம் இருக்கிறது, அது எங்களுடையது இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. திலக்குக்கு உண்மை தெரியும். அவர் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆறு வருடமாக இப்படியே போகிறது.

போன கிழமை திலக் உதேனிக்குக் கறுவா எங்கிருந்து வந்தது என்று ஒரு பழங்கதை சொன்னார். அந்தக் காலத்தில் அராபிய வியாபாரிகள் மேற்கே கொண்டுபோய் விற்கும்போது, எங்கே விளைகிறது என்று யாருக்கும் சொல்லமாட்டார்களாம். பெரிய பறவைகள் எங்கிருந்தோ பட்டையைக் கொத்திவந்து மலையுச்சியில் கூடு கட்டுகின்றன, கீழே இறைச்சித் துண்டுகளைப் போட்டால் பறவை தூக்கிப்போய் வைக்கும், பாரம் தாங்காமல் கூடு உடைந்து விழும், அதைத்தான் பொறுக்கிவருகிறோம் என்பார்களாம். உதேனி என்னிடம் வந்து, "எங்கட கறுவாவையும் பறவையோ அம்மா கொண்டு வந்தது?" என்று கேட்டாள். மாமி பக்கத்தில் இருந்தார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பென்சில் மாதிரி மெல்லிசாக, மஞ்சள் நிறத்தில் உருட்டிய பட்டை முதலாளியின் ஸ்டோரில் அடுக்கியிருக்குமே, அதில் கொஞ்சம் கிடைக்குமா? ஆட்களின் முன்னால் வைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். நீங்கள் சிரமப்பட்டுக் கொண்டுவர வேண்டாம், தபாலில் போட்டால் போதும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கச்சி
யசவதி


கரந்தெனிய
1979 ஜூன் 2

தங்கச்சிக்கு,

அடுப்பு மூட்டவா என்று உன் மாமியார் கேட்டதை வாசித்துக் காட்டினேன். உன் அண்ணி லீசி நோனா சிரித்த சிரிப்பில் பட்டை தேய்க்கிற பித்தளைத் தடி கையிலிருந்து விழுந்துவிட்டது. நீ எழுதிய கடைசி வரியை வாசித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "வர வேண்டாமாம்" என்றாள். "சிரமம் எண்டுதானே எழுதியிருக்கிறாள்" என்றேன். "ஓம் ஓம், சிரமம்தான். ஆருக்கு எண்டுதான் எழுதேல்லை" என்றாள். அவள் வாய் உனக்குத் தெரியும்.

உடைந்தது நமக்கு, உடையாதது கப்பலுக்கு என்று நம் வீட்டில் வளர்ந்தவள்தானே நீ. நாம் குடித்ததெல்லாம் துண்டுதான். அதற்காக உன்மேல் கோபம் இல்லை. அந்த வீட்டில் நீதான் வாழவேண்டும்.

நீ கேட்ட மாதிரியே கிடைத்துவிட்டது. முதலாளியிடம் போய்த் தங்கச்சி வீட்டுக்கு என்றேன். என்ன நினைத்தாரோ, உள்ளறையில் எல்லா வேலையும் முடித்துக் கப்பலுக்குக் கட்டிவைத்த சரக்கிலிருந்து ஒரு கட்டு எடுத்துத் தந்தார். உன் மாமியார் இனி வாயைத் திறக்கமாட்டார், பார்! பொன் மாதிரி இருக்கிறது. உரித்தது நான்தான், அதனால் அண்ணன் தந்தது என்று தாராளமாகச் சொல்லலாம், அதில் பொய் இல்லை. லீசி நோனா என்னவோ முணுமுணுத்தாள். அவளுக்கு எதிலும் ஒரு குறை இருக்கும். மூன்று நாள் நிழலில் தொங்கப் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று நீ அறியாததா? சின்னச் சின்னதாக ஒடித்து, இஞ்சித் துண்டோடு கொதிக்கவிட்டுக் கித்துள் பனைப் பாணி கலந்து கொடு. நெஞ்சு அடைத்தால் அதே தண்ணீரில் ஆவி பிடிக்கலாம். கறுவா இலை எண்ணெய் சின்னப் போத்தலில் வைத்திருக்கிறேன். உன் மாமியாருக்குப் பல்வலி வந்தால் பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டு வைக்கச் சொல். வயிறு கடுத்தால், சாப்பாடு செரிக்காவிட்டால் பட்டைத் தண்ணீர். கர்ப்பமான பெண்களுக்கு மட்டும் கொடுக்கவேண்டாம்.

மாப்பிள்ளை சொன்ன பறவைக் கதை அருமை. அந்தப் பறவைக்கு இப்போது முதுகுவலி என்று உதேனிக்குச் சொல். ராஜா காலத்தில் காட்டுக்குள் போய் உரித்தோம், பிறகு பறங்கிக்கு உரித்தோம், பிறகு ஒல்லாந்தனுக்கு. ஒல்லாந்தன் காலத்தில் ஒரு மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டினால் கழுத்துப் போகுமாம். இவ்வளவு பாடுபட்டும் பெயரைப் பறவை தட்டிக்கொண்டு போய்விட்டது.

அண்ணன்
ஜினதாச


கண்டி
1979 ஜூலை 9

அண்ணாவுக்கு,

இதைக் கண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். உதேனி இப்போது தூங்குகிறாள். ஆபத்து நீங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும்.

உங்கள் பட்டை வந்த நாளிலிருந்து மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. வெள்ளித் தட்டில் அடுக்கி முன்னறையில் வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் "எங்கட மருமகளின்ர தோட்டத்துப் பட்டை" என்று காட்டினார். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

போன செவ்வாய் மழைக்கு உதேனிக்கு நெஞ்சு அடைத்தது. தட்டில் இருந்ததில் ஒரு பிடி எடுத்து ரன் மெனிகாவிடம் கொடுத்துக் கொதிக்கவைக்கச் சொன்னேன். ரன் மெனிகாவை நீங்கள் பார்த்ததில்லை, நான் இந்த வீட்டுக்கு வரும் முன்பிருந்தே சமையல் செய்கிற மனுஷி. சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"நோனா, இந்தத் தண்ணி நெருப்புக்குச்சி உரசின மாதிரி மணக்குது."

"உனக்குக் கறுவாவைப் பற்றி என்ன தெரியும்? நான் கறுவாவுக்குள்ளயே பிறந்து வளர்ந்தனான்" என்றேன்.

உதேனியின் தலையில் துணியைப் போட்டு மூடி, சட்டிக்கு நேரே முகத்தைப் பிடித்தேன். இருமினாள், திமிறினாள். "கொஞ்சம் பொறு மகள், இப்ப சரியாகிடும்" என்று சொல்லிச் சொல்லித் தலையை அழுத்திப் பிடித்தேன். துணியை எடுத்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை.

அயல்வீட்டுக் காரில்தான் கொண்டுவந்தோம். அதற்குள் முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. எல்லோர் முன்னாலும் மாமி ரன் மெனிகாவைப் பிடித்துக்கொண்டார். களிம்பு பிடித்த பித்தளைச் சட்டியில் கொதிக்கவைத்திருக்கிறாள், பிள்ளையைக் கொல்லப் பார்த்தாள் என்றார். அவள் "இல்லை நோனா, மண்சட்டிதான்" என்று அழுதாள். துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அப்போதே போகச் சொல்லிவிட்டார். மண்சட்டிதான் அண்ணா. நான் பார்த்தேன். காருக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்றே எனக்கு விளங்கவில்லை. நம் வீட்டில் யாருக்காவது கறுவா ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?

யசவதி


கரந்தெனிய
1979 ஜூலை 15

யசவதி,

கடிதம் கண்டதும் மிச்சப் பட்டை முழுவதையும் எடுத்துக் கிணற்றடியிலிருந்து தூரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடு. ஒரு துண்டும் வீட்டில் இருக்கக்கூடாது. டொக்டரிடம் போய்க் கந்தகம் என்று சொல். கந்தகப் புகை காட்டிய பட்டையில் பிள்ளைக்கு ஆவி பிடித்தோம் என்று சொல். அவருக்கு விளங்கும்.

நீ ஊரை விட்டுப் படிக்கப் போனபிறகு வந்த வேலை இது, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. உள்ளறையில் பட்டையை அடுக்கி, சட்டியில் கந்தகத்தைக் கொளுத்திவைத்துக் கதவை அடைத்துவிடுவார்கள். விடிந்தால் பட்டை மஞ்சளாகப் பளபளக்கும், பூச்சியும் அண்டாது. அறையைத் திறக்கிறவன் வாயில் துணி கட்டிக்கொண்டுதான் திறப்பான். நாங்கள் யாரும் அந்தப் பட்டையை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. நம் ஆட்கள் அதைக் குடிக்கமாட்டார்கள், பிள்ளைகளின் வாயில் வைக்கமாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் அனுப்பினேன்.

லீசி நோனா முணுமுணுத்தாள் என்று எழுதினேனே, அவள் முணுமுணுக்கவில்லை. பளிச்சென்று கேட்டாள். "நெஞ்சு பலவீனமான பிள்ளைக்கு அதையோ அனுப்புறீங்கள்?" என்றாள். மூன்று நாள் காற்றில் போட்டால் போய்விடும் என்று அவள் வாயை அடைத்தேன். என் வாயையும் அப்படியே அடைத்துக்கொண்டேன். உன் மாமியார் துண்டுப் பட்டையைத் தூக்கிப் பார்த்தார் என்று நீ எழுதியது என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. எனக்கும் ஒரு தடவை பொன் மாதிரிப் பட்டை அனுப்புகிற அண்ணனாக இருக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வேறு ஒரு காரணமும் இல்லை.

நான் ஒரு வாய் குடிக்காததை உன் பிள்ளைக்கு அனுப்பினேன். இதை எழுதும்போது லீசி நோனா பக்கத்தில் இருக்கிறாள், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமையற்கார மனுஷியைக் கூப்பிட்டு வேலைக்கு வைக்கச் சொல். அண்ணன்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடு.

ஜினதாச


மாவனல்லை
1979 ஜூலை 24

அண்ணாவுக்கு,

உதேனி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஓடுகிறாள், சாப்பிடுகிறாள். டொக்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்றார். பட்டையைப் புதைத்துவிட்டேன். எலி கடித்துவிட்டது என்று மாமியிடம் சொன்னேன்.

உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அண்ணிக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் போகவில்லை, தெரிந்தே செய்தீர்கள். ஒரு வாரம் உங்கள் கடிதத்தைத் தொடவே இல்லை. பிறகு என் பழைய கடிதம் ஞாபகம் வந்தது. ஆட்களின் முன்னால் வைக்கக்கூடியதாக என்று கேட்டது நான்.

ஆனால் நீங்கள் சொன்ன மற்றதை என்னால் செய்ய முடியாது. கந்தகம் என்று தொடங்கினால், யார் போட்டது என்று மாமி கேட்பார். முதலாளி என்றால், உங்கள் தோட்டத்துப் பட்டைக்கு எவன் முதலாளி என்பார். ஆறு வருடத்தையும் ஒரே மூச்சில் அவிழ்த்துக் கொட்டவேண்டும். சொல்லிவிட்டு எந்த முகத்தோடு அந்த மேசையில் உட்காருவேன்? திலக்கும் "இப்ப வேண்டாம், பிறகு பார்ப்பம்" என்கிறார். அவர் படிப்பிக்கிற பாடசாலை தூரத்தில், சனிக்கிழமைதான் வருகிறார். அவருக்கு எல்லாமே பிறகுதான்.

ரன் மெனிகாவுக்கு வேறு வேலை கிடைத்துவிடும். நன்றாகச் சமைப்பாள். தயவுசெய்து இதை இத்தோடு விட்டுவிடுங்கள்.

யசவதி


கரந்தெனிய
1979 ஆகஸ்ட் 3

தங்கச்சிக்கு,

வேலை கிடைத்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைக்கு நஞ்சு வைத்தவள் என்ற பெயரோடு எந்த வீட்டு அடுப்படியில் அவளை விடுவார்கள்?

உன்னால் முடியாவிட்டால் நான் வந்து சொல்கிறேன். செய்தது நான். 11ஆம் திகதி சனிக்கிழமை மத்தியானம் வருவேன். நல்ல துண்டுப் பட்டையும் கொஞ்சம் கொண்டுவருகிறேன்.

ஜினதாச


மாவனல்லை
1979 ஆகஸ்ட் 14

அண்ணா,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கிற எல்லா வசனமும் எழுதியவுடன் பொய்யாகத் தெரிகிறது. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் அங்கே நின்றீர்கள் என்றாலும்.

மாமி வராந்தாவில் வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தார். திலக் இன்னும் வந்துசேரவில்லை. நான் வாசலில் நின்றேன். படலையைத் திறந்துகொண்டு நீங்கள் வந்தீர்கள். வேலைக்குக் கட்டுகிற சாரம், தோளில் சாக்கு, முழங்கைவரை பட்டைக் கறை. கலியாணத்துக்கு வந்த மாதிரிக் காற்சட்டை போட்டு வருவீர்கள் என்று நினைத்திருந்தேன். மாமி உங்களைக் கண்டது அந்த ஒரு நாள்தான். மாமி தலையை நிமிர்த்தி, "ஆர் பிள்ளை அது?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை அண்ணா, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கறுவா விக்கிற ஆள் போல, மாமி."

நீங்கள் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டீர்கள். இப்போது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சாக்கை இறக்கி வைத்தீர்கள்.

"ஓம் நோனா, கறுவாதான். நல்ல துண்டுப் பட்டை."

வீட்டு எசமானியைக் கூப்பிடுகிற மாதிரி என்னை நோனா என்றீர்கள். மாமி வழக்கம்போலத் துண்டைப் பார்த்து முகம் சுளித்தார். "பளபளவெண்டு ஒண்டும் இல்லையோ?" என்றார்.

"பளபளப்பு கந்தகப் புகையால வாறது அம்மா. கப்பலுக்குப் போற சரக்கு அது. நெஞ்சு பலவீனமான பிள்ளையளுக்கு அதைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது, மூச்சை அடைச்சுப்போடும். இது புகை காட்டாதது. என்ர வீட்டில நாங்கள் குடிக்கிறது இதைத்தான்."

"தன்ர சரக்கை விக்க எல்லாரும் இப்பிடித்தான் மற்றவன்ர சரக்கைப் பழிப்பினம்" என்று மாமி சிரித்தார். விலை பேசி இரண்டு பிடி வாங்கினார். அவர் நீட்டிய காசை நீங்கள் வாங்கி மடியில் முடிந்துகொண்டீர்கள். உதேனி என் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நீங்கள் குனிந்து, "இப்ப மூச்சு நல்லா வருதோ மகள்?" என்று கேட்டீர்கள். அவள் தலையாட்டினாள். என் பக்கம் திரும்பாமலே போய்விட்டீர்கள்.

நீங்கள் போனதும் மாமி சொன்னார், "கேட்டியோ கதையை? உன்ர அண்ணன் அனுப்பின தங்கம் மாதிரிப் பட்டையை நஞ்சு எண்டுறான், தெருவில திரியிறவன்!" என்று. அண்ணனே வந்து சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நான்தான் உங்களைத் தெருவில் திரிகிறவன் ஆக்கினேன். நீங்கள் அவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்து சொன்னது வீணாகிவிட்டது.

மாமி சிரித்தபோது நானும் சிரித்தேன். இதை நீங்கள் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரன் மெனிகாவை ஞாயிறு சந்தையில் கண்டேன். ஒரு தேத்தண்ணிக் கடைக்குத் தண்ணீர் சுமக்கிறாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

யசவதி


கரந்தெனிய
1979 ஆகஸ்ட் 21

யசவதி,

நீ உன்னைத் திட்டிக்கொண்டு எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என்னை நல்லவனாக்கி வைத்திருக்கிறாய். அப்படியே இருந்துவிடலாமா என்றும் பார்த்தேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது முழுக்க ஒரே யோசனைதான், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று. உங்கள் பேத்திக்கு நஞ்சை அனுப்பியவன் நான் என்று எந்த வாயால் சொல்வது? படலை வரைக்கும் வந்து ஒரு தரம் திரும்பியும் போனேன். சந்தியில் கடையில் நின்றுவிட்டு மறுபடி வந்தேன். நீ "கறுவா விக்கிற ஆள்" என்றபோது முதலில் கன்னத்தில் அறைந்த மாதிரித்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. கறுவா விற்கிறவன் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அவன் அறிவுரை சொல்லலாம், நல்ல மனுஷன் மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். உன் பொய்யை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதனால்தான் அவ்வளவு சரளமாகப் பேச்சு வந்தது.

காசை வாங்கினது நீ நினைக்கிற மாதிரி உனக்காக நடித்ததில்லை. வாங்காவிட்டால் நான் யார் என்று கேட்பார்களே என்ற பயத்தில் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து லீசி நோனாவிடம் எல்லாம் சொன்னேன். உன்னைத்தான் ஏசுவாள் என்று நினைத்தேன். "அவள் உங்களைத் தெரியாது எண்டாள். நீங்கள் உங்களையே தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறீங்கள்" என்றாள். இன்றைக்கு வரைக்கும் சரியாகப் பேசவில்லை.

வருகிற பௌர்ணமிப் போயாவுக்கு மறுபடி வருகிறேன். நீ என்ன சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, இந்தத் தரம் படலையிலேயே என் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு நான் திரும்பி ஓட முடியாது.

ஜினதாச


மாவனல்லை
1979 ஆகஸ்ட் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே மாமியிடம் போனேன். மடித்தால் மனம் மாறிவிடும் என்று பயம். அவர் பூசைத் தட்டுக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, அண்டைக்குக் கறுவா விக்க வந்தது என்ர அண்ணன்" என்றேன்.

அவர் பூவைப் பறித்துத் தட்டில் வைத்தார். இன்னொன்றைப் பறித்தார்.

"தெரியும்" என்றார். "தெருவில போறவனுக்கு எங்கட பிள்ளைக்கு மூச்சு முட்டினது எப்பிடித் தெரியும்? அவன் குனிஞ்சு கேக்கேக்கையே தெரிஞ்சுபோச்சு. மூக்கும் உன்ர மூக்குத்தான்."

தெரிந்தும் ஏன் என்னிடம் கேட்கவில்லை, ஏன் அண்ணன் சொன்னதை நம்பாத மாதிரிச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"நம்பினால் ரன் மெனிகாவைக் கூப்பிட வேணும். அத்தனை சனத்துக்கு முன்னால நான் கத்தின கத்துக்கு, எந்த முகத்தோட கூப்பிடுறது? நீ பொய் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் பட்டை உரிக்கிற ஆக்கள் எண்டது எனக்குப் பிடிக்காதுதான். பொய் சொல்லமாட்டன். முதல்லயே சொல்லியிருந்தால் இந்தக் கலியாணத்துக்கு ஓம் எண்டிருக்கமாட்டன். அது கிடக்கட்டும். உச்சி வெயிலில அவ்வளவு தூரத்தில இருந்து வந்தவனுக்கு ஒரு கோப்பை தண்ணி குடுத்தனியோ?"

இல்லை அண்ணா. கொடுக்கவில்லை. வாசலுக்கு வருகிற பிச்சைக்காரனுக்கும் இந்த வீட்டில் தண்ணீர் கொடுப்போம். நீங்கள் சீக்கிரம் போய்விடவேண்டும் என்று மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பின்னேரமே இரண்டு பேரும் ரன் மெனிகாவின் வீட்டுக்குப் போனோம். மாமி அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. அவள் ஒரு முக்காலியைத் துடைத்து மாமிக்குப் போட்டாள். "பிள்ளை எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கந்தகம், நீங்கள், தோட்டம் இல்லாதது, மண்சட்டி என்று தெரிந்தும் நான் காருக்குள் வாய்மூடி இருந்தது. மாமி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "வீட்டுக்கு வா, பழையபடி இரு" என்றார்.

ரன் மெனிகா எழுந்து உள்ளே போனாள். அடுப்பிலிருந்து எதையோ இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"நோனா, வந்ததுக்குச் சந்தோஷம். ஆனால் இதை என்ர வீட்டுக்குள்ள வந்து, என்ர காதுக்கு மட்டும் சொல்றீங்கள். என்னை அனுப்பினது நடு முற்றத்தில, ஊர் பார்க்க அனுப்பினீங்கள். இப்பவும் என்ர பிள்ளையளைப் பாடசாலையில நஞ்சுக்காரியின்ர பிள்ளையள் எண்டுதான் கூப்பிடுகினம்."

வேலைக்கு வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருவேன் என்றும் சொல்லவில்லை. படலை வரைக்கும் வந்து எங்களை அனுப்பிவைத்தாள்.

போயாவன்று பகல் இங்கே பிக்குமாருக்குத் தானம். அன்றைக்குக் கூடிநின்ற அதே ஆட்கள் எல்லோரும் முற்றத்துக்கு வருவார்கள். ரன் மெனிகாவையும் பிள்ளைகளையும் வரச்சொல்லி மாமி ஆள் அனுப்பியிருக்கிறார். தானம் முடிந்ததும் அத்தனை பேர் முன்னாலும் நான் சொல்லவேண்டும். மாமி தானும் சொல்வதாகச் சொன்னார், ஆனால் முதலில் நான்.

நேற்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். ரன் மெனிகா ஒரு பிழையும் செய்யவில்லை. பிள்ளையின் தலையைச் சட்டிக்கு மேலே பிடித்தது நான். இவர் என் அண்ணன், பட்டை உரிக்கிறவர், நானும் பட்டை உரிக்கிற வீட்டுப் பெண். எழுதும்போது இவ்வளவுதான், சின்னதாக இருக்கிறது. வாய்விட்டுச் சொன்னபோது முதல் வசனம் வந்தது. இரண்டாவதில் குரல் நின்றுவிட்டது. எத்தனை தரம் தொடங்கினாலும் அதே இடத்தில் நிற்கிறது.

விடியக் காலை பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
யசவதி